"நம்ம ஊருக்கு இது போதும்" என்பதை நான் ஏற்பதில்லை

கிருஷ்ணகிரியில் வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் பழகிப்போன ஒரு பேச்சு உண்டு. "நம்ம ஊருக்கு இது போதும் தம்பி." கல்யாண மண்டபத்துக்காரர் சொல்வார், பள்ளிக்கூடத்து கரஸ்பாண்டன்ட் சொல்வார், மாங்கூழ் ஏற்றுமதி செய்கிறவர் கூடச் சொல்வார். அவர்கள் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை, காசு கொடுக்கிறவர்கள் செலவைப் பார்த்துத்தானே பேசுவார்கள். என்னை உறுத்துவது, அதையே எங்கள் தொழிலில் இருக்கிறவர்களும் சொல்வதுதான். வெப் ஸ்டாண்டர்ட்ஸ் (பக்கத்தை எப்படி எழுதுவது என்ற பொது விதிகள்), வேலிடேஷன் (அந்த விதிப்படி எழுதியிருக்கிறதா என்ற சோதனை), அக்சஸிபிலிட்டி (பார்வைக் குறை மாதிரி சிரமம் உள்ளவர்களும் பயன்படுத்த முடிவது) எல்லாம் ஓசூர் கம்பெனிகளுக்கும் பெங்களூருக்கும் தேவைப்படலாம். இங்கே பக்கம் திறந்தால் சரி, படம் தெரிந்தால் சரி, வாட்ஸ்அப் பட்டன் அமுங்கினால் சரி. இப்படி ஒரு முடிவுக்கு எல்லோரும் எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அது ரொம்ப நாளாக என் மனசில் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது.

நான் நினைப்பது இதற்கு நேர் எதிர். பெரிய கம்பெனியில் ஒரு பக்கம் உடைந்தால் அதைப் பிடிக்க டெஸ்டிங் ஆட்கள் இருக்கிறார்கள், புது ஐபோனிலிருந்து பழைய டேப்லெட் வரை மேஜையில் அடுக்கி வைத்துப் பார்க்கிறார்கள். இங்கே ஒரே ஆள்தான் எழுதுகிறார், அவர் போனில் சரியாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பக்கத்தை நிஜமாகத் திறக்கப் போகிறவர் யார்? போச்சம்பள்ளியிலோ ஊத்தங்கரையிலோ மகன் கழித்துக் கொடுத்த போனை வைத்திருக்கிற ஒரு விவசாயி. கண்ணாடி கீறியிருக்கும், பிரவுசரை அப்டேட் செய்து வருடமாகியிருக்கும், எழுத்து சின்னதாக இருக்கிறதென்று செட்டிங்ஸில் போய்ப் பெரிதாக்கி வைத்திருப்பார். அஞ்செட்டிப் பக்கம் மலை ஊராக இருந்தால் சிக்னலும் வந்து வந்து போகும். இப்படிப்பட்டவர் கையில் ஒரு பக்கம் ஒழுங்காகத் திறக்க வேண்டுமென்றால் எழுதும்போதே அது ஸ்டாண்டர்டுக்கு உட்பட்டு எழுதப்பட்டிருக்க வேண்டும், வேறு வழி கிடையாது. ஏனென்றால் நான் பார்க்கவே போகாத ஒரு போனில் என் பக்கம் எப்படித் தெரியும் என்பதற்கு எனக்கிருக்கும் ஒரே உத்தரவாதம் அதுதான்.

சந்தூர்ப் பக்கத்து நர்சரி

மாங்கன்று வாங்குகிறவர்களுக்கு சந்தூரைத் தெரியாமல் இருக்காது. அந்தப் பக்கத்து நர்சரிக்காரர் ஒருவர் போன் செய்தார். வேறு யாரோ செய்து கொடுத்த வெப்சைட், செய்தவர் இப்போது ஊரில் இல்லை. "தம்பி, செல்லுல பார்த்தா கடைசி ரெண்டு ரகத்தோட வெலை தெரியலங்கறாங்க. ஆனா என் பையன் செல்லுல நல்லாத் தெரியுது. இன்னான்னு பாரு." திறந்து பார்த்தேன். என் போனிலும் நன்றாகத்தான் தெரிந்தது. அல்போன்சா, பெங்களூரா, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா, இமாம் பசந்த், நீலம் என்று ரகம் வாரியாக ஒட்டுக் கன்றுகளின் விலை, அதற்குக் கீழே "வண்டி வாடகை தனி, மொத்தமாக வாங்குவோர் போனில் பேசவும்" என்று சிவப்பில் ஒரு குறிப்பு.

நேரில் போய் அவர் போனிலேயே பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அறுபதைத் தாண்டியவர், குரோமில் எழுத்தளவை நன்றாக ஏற்றி வைத்திருந்தார். பட்டியல் பெரிதாகிக் கீழே இறங்கியிருந்தது, அந்தச் சிவப்புக் குறிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே நின்று இமாம் பசந்த், நீலம் இரண்டின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது. சரி, விரலால் நகர்த்திப் பெரிதாக்கிப் பார்க்கலாமென்றால் அதுவும் முடியவில்லை. போன் திரையில் பக்கம் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியில் பெரிதாக்குவதைத் தடுத்து எழுதியிருந்தார்கள். ஐபோனின் சஃபாரி 2016-ல் வந்த ஐஓஎஸ் 10 முதல் இந்தத் தடையை மதிப்பதே இல்லை, பயனர் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் பெரிதாக்கிக்கொள்ள உரிமை உண்டு என்று அவர்களே முடிவெடுத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு குரோம் அந்தத் தடைக்கு அப்படியே கட்டுப்படுகிறது, வேண்டுமென்றால் பயனர்தான் செட்டிங்ஸில் போய் அதை மீறச் சொல்ல வேண்டும். அந்தச் செட்டிங்ஸ் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சந்தூரில் கன்று வாங்க வருகிறவர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான்.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற சிஎஸ்எஸ் ஃபைலைத் திறந்தால், அந்த ஒரு குறிப்புக்காக மட்டும் ஒரு பக்கம் நிறைய விதிகள். பொசிஷன் அப்சொல்யூட், அதாவது ஆணியடித்த மாதிரி ஓரிடத்தில் நிறுத்துவது, மேலிருந்து இத்தனை பிக்சல் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தப்பாமல் இருக்க டேபிளுக்கு நிலையான உயரம். மொபைலுக்கு ஒரு மீடியா குவெரி (திரை அளவுக்குத் தகுந்த தனி விதி), அதில் வேறு பிக்சல். டேப்லெட்டுக்கு இன்னொன்று. நடுவில் எங்கெங்கோ மற்ற விதிகளை அமுக்கும் இம்பார்ட்டன்ட். யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது, அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு சாதாரணக் குறிப்பை டேபிளுக்குக் கீழே வைக்க ஏன் இவ்வளவு பாடு என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். பக்கத்தில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால் உடனே ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போவோம். அங்கே தெரிவது நாம் எழுதிய எச்டிஎம்எல் (எது தலைப்பு, எது பத்தி என்று டேக் என்னும் குறிகளால் சொல்வது) கிடையாது. நாம் எழுதியதைப் பிரவுசர் படித்து, தப்பைத் தானே திருத்தி, தனக்குப் புரிந்த மாதிரி கட்டிக்கொண்ட மரம் அது. நாம் எழுதியதைப் பார்க்க வியூ சோர்ஸ் போக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்ஸ்பெக்டில் அந்தக் குறிப்பு டேபிளுக்கு மேலே, டேபிளுக்கு வெளியே, தனி பி டேகாக (பத்தியைக் குறிக்கும் டேக்) இருந்தது. சோர்ஸில் அதே பி டேக் கடைசி வரிசைக்கு அப்புறம், டேபிளை மூடும் டேகுக்கு முன்னால், அதாவது டேபிளுக்கு உள்ளே இருந்தது.

முழுக் கதையும் இதுதான். டேபிளுக்குள் கேப்ஷன், கால்குரூப், டிஹெட், டிபாடி, டிஃபுட், டிஆர் என்று தலைப்பு, நெடுவரிசை, வரிசை இவற்றைக் குறிக்கிற டேகுகள்தான் நேராக இருக்கலாம். நேராக ஒரு பி டேகையோ வெறும் எழுத்தையோ வைத்தால், எச்டிஎம்எல் ஸ்டாண்டர்ட் அதை என்ன செய்யச் சொல்கிறது தெரியுமா? எடுத்து டேபிளுக்கு முன்னால் வைக்கச் சொல்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் அட்சரம் பிசகாமல் இதைத்தான் செய்கின்றன. ஆக, எழுதியவர் கீழே வைத்த குறிப்பு மேலே போய் நின்றிருக்கிறது. அவருக்குக் காரணம் புரியவில்லை, சிஎஸ்எஸ் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு அதைக் கீழே இழுத்துக் கட்டியிருக்கிறார். அதற்கு அப்புறம் எழுதிய ஒவ்வொரு வரியும் அதற்கு முந்தைய வரியைக் காப்பாற்ற எழுதியதுதான்.

வெப் விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வேலிடேட்டரில் அந்தப் பக்கத்தைப் போட்டிருந்தால், டேபிளுக்குள் பி டேக் வந்திருக்கிறது என்று வரி எண்ணோடு முதல் பார்வையிலேயே காட்டியிருக்கும். காசு கிடையாது, கணக்கு ஆரம்பிக்க வேண்டாம், முகவரியைப் போட்டு அமுக்கினால் போதும்.

திருத்தம் என்று நான் செய்தது, அந்த ஒரு வரியை வெட்டி, டேபிளை மூடும் டேகுக்குக் கீழே ஒட்டியது. அப்புறம் அந்தக் குறிப்புக்காக இருந்த சிஎஸ்எஸ் மொத்தத்தையும் அழித்தேன், வியூபோர்ட்டில் இருந்த தடையையும் எடுத்தேன். குறிப்பைக் கேப்ஷனில் போட்டு, கேப்ஷன்-சைட் பாட்டம் என்று கீழே இறக்கிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது, நிறையப் பேர் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கேப்ஷன் என்பது அந்த அட்டவணையின் தலைப்பு. "மாங்கன்று விலைப்பட்டியல்" என்பது கேப்ஷன். வண்டி வாடகை தனி என்பது தலைப்பாகாது, அது ஒரு சாதாரண வாக்கியம், சாதாரணப் பத்தியாக இருக்கட்டும். கூடவே ஒவ்வொரு வரிசையிலும் ரகத்தின் பெயர் இருந்த டிடியை (சாதாரணக் கட்டம்) டிஎச் (தலைப்புக் கட்டம்) ஆக்கி, அது அந்த வரிசைக்குரியது என்று காட்ட ஸ்கோப் ரோ என்று சேர்த்தேன். கண் தெரியாத ஒருவர் டாக்பேக் (ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்வது) வைத்துக் கேட்டால் வெறும் எண்ணைக் கேட்பதற்கும் அது எந்த ரகத்தின் விலை என்று சேர்த்துக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த டேகில்தான் இருக்கிறது.

நர்சரிக்காரர் போனில் திறந்து காட்டினேன். கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்தார், எழுத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். என்ன பண்ணினே என்று கேட்டார். எழுதினது பாதிக்கு மேல அழிச்சிட்டேன் அண்ணா என்றேன். "அழிச்சதுக்கா சரியாச்சு?" என்றார். காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேர்ல கரையான் இருக்கறப்ப எலைக்கு மருந்தடிச்சிருக்காங்க" என்றார். எச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் உள்ள உறவை இவ்வளவு சரியாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சண்டை முடிந்த கதை

அந்தப் பி டேக் எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி இடம் மாறுகிறது என்றேனே, அது தானாக வந்த ஒற்றுமை கிடையாது. 1999 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.01 எது சரி என்று சொன்னது, தப்பாக எழுதியிருந்தால் பிரவுசர் என்ன செய்ய வேண்டும் என்று வரையறுக்கவில்லை. அதனால் ஆளாளுக்கு ஒரு மாதிரி திருத்தினார்கள். அதற்கு முன்பே நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐஇ) என்ற அந்தக் காலத்துப் பிரவுசர்கள் போட்ட போட்டியில், ஒரே பக்கத்தை இரண்டு தடவை எழுதவேண்டிய நிலைமை வந்தது. ஹோகன் வியூம் லீ சிஎஸ்எஸ்ஸை முன்வைத்தது 1994-ல், முதல் பதிப்பு டபிள்யூ3சி பரிந்துரையாக வந்தது 1996 டிசம்பரில். ஆனால் எழுதி வைத்த மாதிரி பிரவுசர்கள் நடக்கவில்லை. அகலம் 300 என்று சொன்னால் அதில் பேடிங் (பெட்டியின் உள்விளிம்பு இடைவெளி) அடக்கமா இல்லையா என்பதில்கூட ஐஇ 5 ஒரு பக்கம், ஸ்டாண்டர்ட் ஒரு பக்கம். 1998-ல் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் பிராஜெக்ட் என்று டெவலப்பர்களே ஒரு கூட்டமாகச் சேர்ந்து, இதை நிறுத்துங்கள் என்று பிரவுசர் கம்பெனிகளிடம் மல்லுக்கு நின்றார்கள். 2004-ல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆட்கள் சேர்ந்து வாட்விஜி என்ற குழுவை ஆரம்பித்தார்கள். தப்பாக எழுதிய எச்டிஎம்எல்லைக்கூட எப்படிப் படிப்பது என்று எழுத்துக்கு எழுத்து வரையறுத்தது அங்கே தொடங்கிய வேலை. 2014-ல் எச்டிஎம்எல்5 டபிள்யூ3சியின் பரிந்துரையானது, 2019-ல் இரண்டு அமைப்பும் உடன்பட்டு இனி ஒரே எச்டிஎம்எல் என்று முடிவானது.

இவ்வளவு பேர் இத்தனை வருடம் போராடி ஒரு பொதுப் பேச்சை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஐஇ 5 சொன்ன அகலக் கணக்கே இன்று பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ் என்று நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கிற ஒன்றாக ஸ்டாண்டர்டில் இருக்கிறது. 2022 ஜூனில் ஐஇ 11-க்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில், பக்கத்தைக் கட்டம் போட்டு அடுக்கும் கிரிட் லேஅவுட்டைக் கொண்டுவந்தன. தொண்ணூறுகளில் வேலை செய்தவர்களிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். இதற்கு அப்புறமும் நாம் ஃப்ளோட், மைனஸ் மார்ஜின் மாதிரி பழைய ஒட்டுவேலைகளைப் பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்குத் தாங்கவில்லை.

தமிழில் எழுதினால் உடைகிற பக்கங்கள்

இங்கே நடக்கும் முக்கால்வாசி வேலை, எங்கேயோ யாரோ ஆங்கிலத்துக்காகச் செய்த டெம்ப்ளேட்டை எடுத்து அதில் தமிழைப் போடுவதுதான். ஆர்டர் நவ் என்று இருந்த பட்டனில் "இப்போதே முன்பதிவு செய்யுங்கள்" என்று போடுகிறோம். பட்டனின் உயரம் 40 பிக்சல் என்று கட்டிவைத்திருப்பதால் இரண்டாவது வரி வெளியே தொங்குகிறது. உடனே எழுத்தைச் சின்னதாக்குகிறார்கள். தமிழைச் சின்னதாக்கித்தான் அந்தப் பெட்டிக்குள் நுழைக்க வேண்டுமா? உயரத்தை எடுத்துவிட்டு மின்-ஹைட்டும் (குறைந்தபட்ச உயரம்) பேடிங்கும் கொடுத்தால் எந்த மொழிக்கும் பெட்டி தானே வளரும். பெட்டி உள்ளடக்கத்துக்கேற்ப வளர்வதுதான் சிஎஸ்எஸ்ஸின் இயல்பு, நாம்தான் உயரம் சொல்லி அதைக் கெடுக்கிறோம்.

லைன்-ஹைட்டும் அப்படித்தான். 16 பிக்சல் எழுத்துக்கு 18 பிக்சல் வரி உயரம் ஆங்கிலத்துக்கு எப்படியோ ஓடிவிடும். தமிழில் கீ, மீ, டீயின் சுழி மேலே போகும், கூ, ழூ, ஞு கீழே இறங்கும். பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் இருந்துவிட்டால் சுழி வெட்டுப்பட்டு, நெடில் எது குறில் எது என்றே தெரியாது. அலகு இல்லாமல் வெறும் 1.7 என்று கொடுத்துப் பாருங்கள், எழுத்து எவ்வளவு பெரிதானாலும் வரியும் கூடவே வளரும். இன்னொன்று, தலைப்பை எடுப்பாகக் காட்ட ஆங்கில டெம்ப்ளேட்டில் டெக்ஸ்ட்-டிரான்ஸ்ஃபார்ம் அப்பர்கேஸ் போட்டிருப்பார்கள். தமிழுக்கு ஏது பெரிய எழுத்து? அந்த வித்தியாசம் தமிழ்ப் பக்கத்தில் சுத்தமாகக் காணாமல் போய், தலைப்பும் பத்தியும் ஒன்றாகத் தெரியும். தடிமனாலோ அளவாலோ நிறத்தாலோ அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், டெம்ப்ளேட் செய்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீளமான சொற்கள் பெட்டியை விட்டு வெளியே ஓடுவது எல்லோரும் தினம் பார்ப்பது. "விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு" என்று ஒரு சொல் ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் (உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் பெட்டி) வந்தால் போதும், போன் திரை பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிடும். இதற்கு வேர்ட்-பிரேக் பிரேக்-ஆல் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது தேவை இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காது, வரி முடிகிற இடத்தில் எந்தச் சொல்லையும் வெட்டும். "மாங்கன்" ஒரு வரியில், "று" அடுத்த வரியில். படிக்கிறவருக்கு எவ்வளவு எரிச்சல்! இதற்குச் சரியான விதி ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர். சொல் உண்மையாகவே இடம் கொள்ளாமல் போனால் மட்டும்தான் உடைக்கும். பிரேக்-வேர்ட் என்று அதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான், பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஃப்ளெக்ஸ், கிரிட் பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது பிரேக்-வேர்ட் அந்த நீளச் சொல்லை முழுசாக எண்ணிக்கொள்ளும், எனிவேர் உடைக்கலாம் என்பதைக் கணக்கில் எடுக்கும். ஃப்ளெக்ஸுக்குள் இருக்கிற பெட்டி தன் உள்ளடக்கத்தைவிடச் சுருங்க மறுப்பது அதன் இயல்பான நடத்தை, அதைத் தளர்த்தத்தான் மின்-வித் (குறைந்தபட்ச அகலம்) பூஜ்யம் என்று கொடுக்கிறோம். இதை மனப்பாடமாகப் போடாமல் காரணம் தெரிந்து போட்டால், அடுத்த தடவை வேறு இடத்தில் வேறு வடிவத்தில் இது வரும்போது தேட வேண்டியிருக்காது.

இதையெல்லாம்விட எனக்கு மனசு கஷ்டமாக இருப்பது, பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்பு விஷயத்தில். பக்கம் முழுக்கத் தமிழ், மேலே எச்டிஎம்எல் டேகில் லாங் "இஎன்". டெம்ப்ளேட்டில் இருந்ததை அப்படியே விட்டுவிடுகிறோம். திரைவாசிப்பான் எந்த மொழிக் குரலில் படிப்பது என்று அதைத்தான் பார்க்கிறது. ஆங்கிலம் என்று சொல்லிவிட்டுத் தமிழை நீட்டினால் தடுமாறும். 2008-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற அக்சஸிபிலிட்டி விதித்தொகுப்பிலேயே பக்கத்தின் மொழியைச் சொல்வது மிக அடிப்படை நிலையில் இருக்கிற விதி. "டிஏ" என்று இரண்டு எழுத்து மாற்றுவதுதான் வேலை. இதற்கு பட்ஜெட் போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் டிடிபி சென்டர் தமிழ். துண்டுப் பிரசுரத்துக்காக பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த மேட்டரை அப்படியே அனுப்பி, சைட்டில் போடச் சொல்வார்கள். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், அந்த எழுத்துரு மேலே தமிழாக வேஷம் போடுகிறது. எழுத்துரு இறங்காத போனில் குப்பையாகத் தெரியும், கூகுளில் தேடினால் கிடைக்காது, திரைவாசிப்பான் படிக்காது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றி எழுதிக் கொடுக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன, மாற்றியதை ஒரு தடவை வரி வரியாகப் படித்துச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். யூனிகோடில் எழுதிய பிறகும் விசித்திர எழுத்தாகத் தெரிந்தால், எழுத்துக் குறியீட்டைச் சொல்லும் மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 வரியைப் பாருங்கள். ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும் என்பது ஸ்டாண்டர்ட். அனலிட்டிக்ஸ், டிராக்கிங் பிக்சல், அது இது என்று ஸ்கிரிப்டுகளைத் தலையில் ஏற்றி இதைக் கீழே தள்ளிவிடுகிற பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

போன் நம்பர் எண்ணா?

ஃபார்ம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன் நம்பர் வாங்கும் இடத்தில் டைப் நம்பர் போடுகிறார்கள். கூட்டிக் கழிக்கிற எண்ணுக்குத்தான் அது. எண்களால் ஆன அடையாளத்துக்கு அதைப் பயன்படுத்தாதே என்று ஸ்டாண்டர்டே சொல்கிறது. டைப் டெல் போட்டால் போனில் பெரிய எண் பலகை வரும், மேலும் கீழும் அம்புக்குறி வராது. பின்கோடுக்கு டைப் டெக்ஸ்ட், கூடவே இன்புட்மோட் நியூமரிக். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டரை மட்டும் வைத்துவிட்டு லேபிளை விட்டுவிடாதீர்கள். தட்ட ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும், நடுவில் ஒரு போன் வந்து பேசிவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு எந்தப் பெட்டியில் என்ன எழுதினோம் என்றே தெரியாது. லேபிளை ஃபார் பண்பு போட்டுப் பெட்டியோடு இணைத்துவிட்டால் லேபிளைத் தொட்டாலும் பெட்டி திறக்கும், காய்த்துப்போன விரலுக்கு அது பெரிய உதவி. அனுப்பு என்ற பட்டன் பட்டனாகவே இருக்கட்டும். அர்த்தம் எதுவும் சொல்லாத வெறும் பெட்டியான டிவ்வுக்கு நிறம் பூசி ஆன்கிளிக் (அமுக்கினால் வேலை செய்ய வைப்பது) மாட்டினால் கீபோர்டில் டேப் அமுக்கிப் போகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

கற்றுக்கொள்கிறவர்களுக்காக

தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் படித்துவிட்டு வேலை கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஃப்ளெக்ஸில் நடுவில் நிறுத்துவது எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள், பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பின் வகுப்புப் பெயர்கள் விரல் நுனியில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு எச்டிஎம்எல் மட்டும் எழுதிக் கொடு என்றால் எல்லாமே டிவ். தலைப்பும் டிவ், பட்டியலும் டிவ், மெனுவும் டிவ். இதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எச்டிஎம்எல் என்பது ஒரு நாளில் முடித்துவிட்டு நிஜமான பாடத்துக்குப் போகவேண்டிய ஒன்று என்றுதான் அவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. என்னிடம் வருகிறவர்களை முதலில் சிஎஸ்எஸ்ஸைத் தொட விடுவதில்லை. சிஎஸ்எஸ் இல்லாமலே பக்கம் மேலிருந்து கீழ் வரை புரிகிற மாதிரி இருக்க வேண்டும், வேலிடேட்டரில் சிவப்பு இருக்கக் கூடாது, மவுஸைத் தொடாமல் டேப் மட்டும் அமுக்கி ஃபார்மை அனுப்ப முடிய வேண்டும். இது முடிந்தால்தான் நிறம், இடைவெளி எல்லாம். முதலில் சலித்துக்கொள்வார்கள். அப்புறம், எது மேலே நிற்க வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் 9999 போட்டும் மெனு ஏன் பேனருக்குப் பின்னால் போகிறது என்று குழம்பும் இடத்தில், இன்னொரு 9 சேர்க்காமல், எந்தத் தாய்ப் பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மோ ஒபாசிட்டியோ இருந்து தனி ஸ்டாக்கிங் கான்டெக்ஸ்ட் (தனக்கென்று ஒரு அடுக்கு) உண்டாக்கியிருக்கிறது என்று தேடிப் போகிறார்கள். அந்தத் தேடலைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஏஐ எழுதிக் கொடுத்துவிடுகிறதே, இதையெல்லாம் எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். எழுதிக் கொடுக்கட்டும், நானும் வாங்கிப் பார்க்கிறேன். வருவதில் டிவ்வுக்கு ஆன்கிளிக் மாட்டியிருக்கிறதா, லேபிள் இணைந்திருக்கிறதா, லாங் என்ன என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்கு ஸ்டாண்டர்ட் தெரிந்திருக்க வேண்டும். அவனும் நானும் அன்றைக்கு முழுக்க ஒத்துப்போகவில்லை, அது பரவாயில்லை.

நர்சரிக்காரர் இப்போது தெலுங்கிலும் கன்னடத்திலும் பக்கம் வேண்டும் என்கிறார். குப்பத்திலிருந்தும் கோலாரிலிருந்தும் கன்று ஏற்ற வண்டி வருகிறது, எங்கள் மாவட்டத்தில் மூன்று மொழியும் சந்தையில் புழங்குவதுதான். தெலுங்குப் பக்கத்துக்கு லாங் "டிஇ", கன்னடத்துக்கு "கேஎன்", எழுத்துருவுக்கு நோட்டோ குடும்பத்தில் அந்தந்த மொழிக்கு உரியது, யூனிகோட்-ரேஞ்ச் போட்டு எந்தப் பக்கத்துக்கு எது தேவையோ அது மட்டும் இறங்கும்படி. தெலுங்கில் ஒத்தெழுத்துகள் கீழே தொங்குவதால் 1.7 போதாது, 1.9 வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் கை வைக்க வேண்டிய வேலையே வரவில்லை. ரகத்தின் பெயர்களை மட்டும் மாற்றினேன், டேபிள் அதன் பாட்டுக்கு நீண்டு கொண்டது. "இமாம் பசந்த்" கன்னடத்தில் எப்படி எழுதுவார்கள் என்று கோலாரிலிருந்து வந்த லாரி டிரைவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்திருக்கிறார், அது வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்திருக்கிறது, நான் இனி அதைத் தட்டச்சு செய்ய வேண்டும்.